பழைய வண்டிக்குப் பெரிய ஆல்டர்னேட்டர் போடலாமா?

நம்ம பக்கம் மாங்காய் லோடு ஆரம்பித்தால் இரவு ஓட்டம் கூடிவிடும். "ஹெட்லைட் மங்குது, பேட்டரி நிக்கல, ஆல்டர்னேட்டரையே மாத்திடலாமா" என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடும். ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று கரண்ட் தந்து, பேட்டரியையும் சார்ஜ் செய்யும் கருவி. வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பழைய ஆம்னி வைத்திருக்கிறேன். ஃபாக் லைட்டும் ஆம்ப்ளிஃபயரும் போட்டபிறகு ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது. ஆல்டர்னேட்டர் பத்தவில்லையா? (பாலக்கோடு)

அப்படி முடிவு கட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜினைக் கொஞ்சம் ரேஸில் வைத்து, எல்லா லைட்டையும் போட்டு, பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. அடுத்து ஹெட்லைட் சாக்கெட்டில் அளங்கள். அங்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் கோளாறு ஒயரில் இருக்கிறது. பழைய வண்டிகளில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகத்தான் போய்வரும். பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் விழுந்துவிடும். பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வைத்து லைன் இழுத்து, எர்த்தையும் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சுத்தம் செய்தாலே பலருக்கு வேலை முடிந்துவிடும். செலவும் ஆல்டர்னேட்டரோடு ஒப்பிட்டால் சொற்பம்.

பழைய டீசல் ஜீப். 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். ஏசி மாட்டப்போகிறேன். 90 ஆம்பியர் போடச் சொல்கிறார்கள். (கிருஷ்ணகிரி)

முதலில் கணக்கைப் போடுவோம். ஹெட்லைட் 110 வாட், ஏசி புளோயர் 120, கண்டென்சர் ஃபேன் 120, கம்ப்ரசர் கிளட்ச் 45, வைப்பர் 60, பாட்டுப்பெட்டி 60. மொத்தம் 515 வாட். 13.5 வோல்ட்டால் வகுத்தால் 38 ஆம்பியர். பேட்டரி சார்ஜ் ஆகவும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். ஆக உங்களுக்குத் தேவை 65. 90 வேண்டாம். ஆல்டர்னேட்டர் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அதிக வேகத்தில் வருவது, ஐடிலிங்கில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். உங்கள் ஜீப்பில் இருப்பதோ ஒற்றை வி-பெல்ட். 90 ஆம்பியரை முழுதாக இழுத்தால் இன்ஜினிலிருந்து சுமார் 3 குதிரைத்திறன் அந்த ஒரு பெல்ட் வழியாகப் போகவேண்டும்; பெல்ட் வழுக்கிக் கத்த ஆரம்பித்துவிடும்.

டேஷ்போர்டில் கரண்டை அளக்கும் ஆம்மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஜீப்புகளில் இருக்கும், இரு பக்கமும் 30 ஆம்பியர் வரை காட்டும் 30-0-30 மீட்டர் வழியாகவே சார்ஜ் கரண்ட் ஓடும். புது ஆல்டர்னேட்டரைப் போட்டுவிட்டு அதை அப்படியே விட்டால் மீட்டரின் பின்பக்க நட்டு சூடாகி ஒயர் உறை உருகும். தொப்பூர் கணவாயில் நடுராத்திரி டேஷ்போர்டிலிருந்து புகை கிளம்பிய ஒரு ஜீப்பை என் கையாலேயே பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஆல்டர்னேட்டர் புத்தம் புதிது, ஒயர் மட்டும் முப்பது வருஷப் பழசு. ஆம்மீட்டரை லைனிலிருந்து கழற்றிவிட்டு ஒரு வோல்ட்மீட்டர் வையுங்கள்.

ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் புதிதாக இழுங்கள். பேட்டரி பக்கத்திலேயே 80 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். பழைய 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட அரை வோல்ட் அதிலேயே தொலையும், சுமார் 30 வாட் சூடாக மாறும். ஒயர் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல், கிரிம்பிங் பிளையரில் அழுத்தச் சொல்லுங்கள். இன்ஜினுக்கும் சேஸிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையையும் மாற்றுங்கள். போன கரண்ட் திரும்பி வரும் வழி அதுதான், பெரும்பாலும் அதை யாரும் கவனிப்பதில்லை.

ஆம்பியர் அதிகமானால் பேட்டரி கொதித்துவிடாதா? (காவேரிப்பட்டணம்)

கொதிக்காது. பேட்டரி தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். அதைக் கொதிக்க வைப்பது வோல்டேஜ். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதை 14.4 வாக்கில் நிறுத்தினால் கவலை இல்லை. 15-ஐத் தாண்டினால் உடனே மாற்றுங்கள். இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜில், ஆல்டர்னேட்டரின் கரண்டை ஒரே திசையில் ஓடவிடும் டயோடு போய்விடும். ஆல்டர்னேட்டருக்கு முன் வண்டிகளில் இருந்த டைனமோ காலத்துப் பழக்கம் அது.

டைனமோ உள்ள பழைய அம்பாசிடர். ஆல்டர்னேட்டர் ஏறுமா? (அரூர்)

ஏறும். அந்தக் காலத்து டைனமோ சுமார் 22 ஆம்பியர்தான் தரும், அதுவும் ஐடிலிங்கில் ஒன்றும் வராது. 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரே உங்களுக்குத் தாராளம். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால் முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றவேண்டும். அப்படியே மாட்டினால் டயோடு அங்கேயே எரியும். டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்அவுட் பெட்டிக்கு இனி வேலை இல்லை. சார்ஜ் லைட்டுக்கு மட்டும் பழைய குண்டு பல்பையே விடுங்கள். எல்ஈடி போட்டால் ஆல்டர்னேட்டரை எழுப்பும் அளவு கரண்ட் போகாமல், சார்ஜே ஏறாமல் நிற்கலாம்.

சுமோவுக்குப் பழைய மார்க்கெட்டில் பெரிய ஆல்டர்னேட்டர் ஒன்று பார்த்திருக்கிறேன். பிராக்கெட் சரியாக உட்காருகிறது. வாங்கலாமா? (பென்னாகரம்)

அதைத் திருப்பி, முதுகைப் பாருங்கள். சுமோ போன்ற டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டருக்கு வெற்றிடம் உண்டாக்கும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டினால் லைட் நன்றாக எரியும், பிரேக் கல்லாகிவிடும். ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்கும்போது அதை நினைத்துப் பாருங்கள். பம்ப் உள்ளதாகவே வாங்குங்கள். அதற்குப் போகும் ஆயில் பைப்புகள் இரண்டும் கசிவில்லாமல் பொருந்தவேண்டும், இல்லையென்றால் பம்ப் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

மாட்டியதும் கடையை விட்டு வண்டியை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். இன்ஜினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் லேசாகக் கீழே இறங்கவேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கட்டும்.