எத்தனை முறை இரட்சிப்பின் ஜெபம் செய்வது?

சகோதரி, ஒவ்வொரு கன்வென்ஷன் கூட்டத்திலும் முன்னால் போய் இரட்சிப்பின் ஜெபம் செய்து உங்களை இயேசுவுக்கு அர்ப்பணிக்கிறீர்கள், வீட்டுக்கு வந்ததும் 'நான் நிஜமாகவே இரட்சிக்கப்பட்டேனா' என்ற பயம். விசுவாசத்தை விட்டு விலகிப்போனவர்களை மறுபடி மனந்திரும்பப் பண்ண முடியாது என்கிற எபிரெயர் 6-ஐப் படித்ததிலிருந்து தூக்கமும் போச்சு என்கிறீர்கள். எனக்கும் இது இருந்தது. பைபிளின் முதல் பக்கத்தில் இரட்சிக்கப்பட்ட தேதியை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மூன்று தேதி ஆனதும் அந்தப் பக்கத்தைக் கிழித்தே போட்டேன்.

அந்த அதிகாரத்தை 8-ஆம் வசனத்தோடு மூடிவிடாதீர்கள். 9-இல் 'பிரியமானவர்களே' என்று கூப்பிட்டு, உங்கள் விஷயத்தில் நல்லதையே நம்புகிறோம் என்கிறார் நிருபத்தை எழுதியவர். அதற்கு முன் வருவது கிறிஸ்துவை உதறிவிட்டுப் போகிறவர்களுக்கான எச்சரிக்கை. உதறியவர் இதற்காகவா ராத்திரி விழித்திருப்பார்?

உணர்ச்சியை அளவுகோலாக வைக்கவே வைக்காதீர்கள். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தன் இதயம் விநோதமாக அனல்கொண்டதாக, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி எழுதினார். அடுத்த ஜனவரியிலேயே 'நான் கிறிஸ்தவன் அல்ல' என்று எழுதியவரும் அவர்தான்!

சபைகளுக்குள்ளும் இதில் ஒத்த கருத்து இல்லை. சபைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழியினர் இரட்சிப்பை இழக்கவே முடியாது என்பார்கள், வெஸ்லி வழியினர் முடியும் என்பார்கள். அந்தச் சண்டை கிடக்கட்டும். 1 யோவான் 5:13-இல் நித்தியஜீவன் உண்டென்று 'நீங்கள் அறியும்படிக்கு' என்றுதான் இருக்கிறது.

சரி, இன்று ராத்திரி இன்னொரு அர்ப்பணிப்பு ஜெபம் வேண்டாம். 'என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை', யோவான் 6:37. இதை வாசித்துவிட்டுப் படுங்கள்.