ஆறு கிலோ ‘பொமரேனியன்’: சாப்பாட்டைக் குறைக்கலாமா, முடியை மழிக்கலாமா?

கேள்வி: பொமரேனியன் என்று சொல்லித் தந்த வெள்ளைக் குட்டிக்கு இப்போது ஐந்து மாதம். அதற்குள் ஆறு கிலோ வந்துவிட்டது. சாப்பாட்டைக் குறைத்தால் சின்னதாகவே நிற்கும் என்கிறார் விற்றவர். வெயிலுக்கு முடியை மழித்துவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். வளரும் குட்டியை அரைவயிறாகப் போட்டால் உடம்புதான் கெடும், இனம் மாறாது. பொமரேனியன் முழுதாக வளர்ந்தாலே ஒன்றரை முதல் மூன்று கிலோ சொச்சம்தான். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். இன்னும் எடை கூடும். நம்மூரில் வெள்ளையாக, புசுபுசுவென்று இருந்தாலே ‘பொமரேனியன்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். விற்றவரும் அப்படியே நம்பியிருக்கலாம்.

இரண்டும் சொந்தக்காரர்கள்தான். பால்டிக் கடலோரத்து பொமரேனியா (இன்றைய போலந்து, ஜெர்மனி) வழியாக வந்த ஸ்பிட்ஸ் நாய்கள் முதலில் நல்ல பருமன். 1767 வாக்கில் ராணி சார்லட் இங்கிலாந்துக்கு வரவழைத்தவையும் அப்படித்தான். 1888இல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் ஃப்ளாரன்ஸிலிருந்து சிறிய ரகங்களைக் கொண்டுவந்த பிறகு, குட்டையாக்குவதே வளர்ப்பாளர்களின் மோகமாகிவிட்டது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியா வந்த ஸ்பிட்ஸ் அந்த மோகத்தில் சிக்கவில்லை. நம் வெயிலுக்கும் தயிர்சாதத்துக்கும் பழகிவிட்டது. என்னைக் கேட்டால், இங்கே வளர்க்க இதுதான் தோது.

பக்கவாட்டில் நின்று முகத்தைப் பாருங்கள். பொமரேனியனுக்கு மூக்கு குட்டை, காது முடிக்குள் பாதி மறைந்திருக்கும், முடி பந்துபோல் விறைத்து நிற்கும். ஸ்பிட்ஸுக்கு மூக்கு நீளம், காது எடுப்பாகத் தெரியும், முடி கொஞ்சம் படிந்திருக்கும். இருந்தும் ஐந்து மாதத்தில் முடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். குட்டிமுடி உதிர்ந்து பரட்டையாகத் தெரிகிற பருவம் இது.

மழிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இவற்றுக்கு மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு. இந்த வகை நாய்களை ஒட்ட மழித்தால் சிலவற்றுக்கு முடி பழையபடி வளராமல் திட்டுத்திட்டாக நின்றுவிடும். தோல் நேராக வெயிலில் காயும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அடிமுடி வரை சீவி, உதிர்ந்ததை எடுத்தாலே காற்று போகும். பாதங்களைச் சுற்றியும் பின்பக்கமும் லேசாகக் கத்தரிப்பதில் தப்பில்லை. நடையை விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்காமல் மார்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். சின்ன நாய்களுக்கு, குறிப்பாக பொமரேனியனுக்கு, மூச்சுக்குழாய் தளர்ந்து வறட்டு இருமல் வருவது சகஜம். கழுத்தை இழுத்தால் அது கூடும்.

அப்புறம், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள். கோரைப்பல் முளைத்த பிறகும் பால்பல் பக்கத்திலேயே விழாமல் நின்றால் இடுக்கில் உணவு சிக்கி ஈறு கெடும். ஏழு மாதமாகியும் விழவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள்.