கேபினெட்டுக்குள் காற்று போகிறதா?

கேள்வி: ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப். கேபினெட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் பின்னால் மூன்று ஆர்ஜிபி (வண்ண விளக்கு) ஃபேன், முதுகுப் பக்கம் ஒன்று. மே மாத மதியத்தில் அரை மணி நேரம் கேம் ஆடினால் கார்டு 84 டிகிரி, பிராசஸர் 86 டிகிரி காட்டுகிறது. மேலே இன்னும் மூன்று ஃபேன் போடச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 3060-க்கு உச்சவரம்பு 93 டிகிரி, 5600-க்கு 90. இரண்டும் எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஆனால் பிராசஸருக்கு நான்கு டிகிரிதான் மிச்சம். எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோளாறு எங்கே என்பதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம்.

ஒரே கேமை 20 நிமிடம் ஓடவிட்டு இரண்டு வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதே கேம், அதே 20 நிமிடம். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்று போதவில்லை. ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்குகிறது என்றால் கேபினெட்டைக் குறை சொல்ல முடியாது. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், ஹீட்சிங்க் (கூலரின் உலோகத் தகடுகள்) இடுக்குகளில் தூசி அடைந்திருக்கும், இல்லை அறையே கொதிக்கிறது. அறை 36 டிகிரியில் இருந்தால் எத்தனை ஃபேன் சுற்றினாலும் உள்ளே போவது 36 டிகிரிக் காற்றுதான்.

மூன்றாவது ஓட்டத்தில் பக்கவாட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, முன்பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். அப்போதும் நன்றாக இறங்கினால் முன்கண்ணாடிதான் காற்றை மறிக்கிறது. இந்த மாதிரிக் கேபினெட்டில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். ஓரத்தில் விரல்கூட நுழையாத இடுக்கு வழியாக மூன்று ஃபேனும் காற்றை இழுக்கத் திணறும். அந்த நிலையில் மேலே வெளியேற்றும் ஃபேன்களைச் சேர்த்தால், ஃபில்டர் இல்லாத பின்பக்கத் துளைகள் வழியாகத் தூசியோடு காற்று உள்ளே வரும், சூடு பெரிதாகக் குறையாது. அந்தப் பணத்தை மெஷ் (வலை) முகப்புள்ள கேபினெட்டில் போடுங்கள். வலைக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத அளவுக்கு அடர்ந்த வலையும் கண்ணாடியைப் போலவே மறிக்கும்.

முன்னால் உள்ளிழுக்க இரண்டு 140 மில்லிமீட்டர் அல்லது மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன், பின்னால் வெளியேற்ற ஒன்று. உங்கள் பாகங்களுக்கு இது தாராளம்.

கேள்வி: ஃபேன் எந்தப் பக்கம் காற்றைத் தள்ளுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கமாகக் காற்று வெளியேறும். இப்போது ரிவர்ஸ் பிளேடு ஃபேன்களும் விற்கிறார்கள். அவற்றில் இது தலைகீழ். அதனால் கண்ணை நம்பாமல், டிஷ்யூ பேப்பரில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துக் கேபினெட்டுக்கு வெளியே பிடியுங்கள். முன்பக்கத்தில் காகிதம் வலையோடு ஒட்ட வேண்டும், பின்பக்கத்தில் படபடத்து விலக வேண்டும். பிராசஸர் கூலர் நிமிர்ந்து நிற்கும் டவர் வகை என்றால் அதன் ஃபேனும் பின்பக்கத்தை நோக்கியே தள்ள வேண்டும்; அது திரும்பியிருந்தால் கேபினெட் ஃபேனோடு மல்லுக்கு நிற்கும்.

கேள்வி: மேலே ஃபேனே கூடாதா?

பதில்: முன்பக்கம் தாராளமாக இழுக்கிறது என்றால் மேலே பின்மூலையில் ஒன்று வெளியேற்றலாம். மேலே முன்மூலையில் போடாதீர்கள். உள்ளே வந்த குளிர்ந்த காற்று பிராசஸரை அடையும் முன்பே அது மேலே உறிஞ்சிவிடும்.

கேள்வி: ஃபேன் ஒயர் முனையில் மூன்று பின் (ஊசி இணைப்பு), நான்கு பின் இரண்டில் எதை வாங்குவது? ஒரே இடத்தில் எத்தனை செருகலாம்?

பதில்: நான்கு பின் வாங்குங்கள். மூன்று பின் ஃபேனும் மதர்போர்டில் ஃபேன் செருகும் நான்கு பின் ஹெடரில் பொருந்தும். ஆனால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) அந்த ஹெடரை வோல்டேஜால் வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றாவிட்டால் எந்நேரமும் முழு வேகத்தில் இரையும். ஒரு ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். ஃபேன் லேபிளில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள், 0.2 ஆம்பியர் ஃபேன் மூன்றை ஸ்பிளிட்டரில் (ஒயரைப் பிரிக்கும் இணைப்பு) தைரியமாகச் செருகலாம். மொத்தம் 1 ஆம்பியரைத் தாண்டினால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) நேராக மின்சாரம் எடுக்கும் ஹப் வேண்டும்.

இன்னொன்று. பயாஸ் வழக்கமாகப் பிராசஸர் சூட்டைப் பார்த்துத்தான் கேபினெட் ஃபேனைச் சுழற்றும். கேம் ஆடும்போது 3060 தனியாக 170 வாட் வரை எடுக்கும்; 5600-க்குக் குறிப்பிடப்படும் அளவு 65 வாட்தான். கார்டு சூட்டுக்கேற்ப ஃபேன் ஏறி இறங்க, ‘ஃபேன் கன்ட்ரோல்’ என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம். கார்டு 50 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது 40 சதவீதம், 70-இல் 70 சதவீதம், 80-இல் முழு வேகம் என்று தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: ஆர்ஜிபி ஒயரைச் செருகியதும் விளக்கு எரியவே இல்லை. ஏன்?

பதில்: மூன்று பின் விளக்கு ஒயர் 5 வோல்ட், நான்கு பின் 12 வோல்ட். 5 வோல்ட் ஒயரை 12 வோல்ட் பின்களில் அழுத்திச் செருகியிருந்தால் எல்இடி கருகியிருக்கும். ஃபேன் மட்டும் தொடர்ந்து சுற்றும். விளக்கை மீட்க முடியாது. செருகும் முன் மதர்போர்டில் அந்தப் பின்களுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதை டார்ச் அடித்துப் படித்துக்கொள்ளுங்கள்.