கார் கண்ணாடி மங்குது: கேள்வி பதில்

கேள்வி: மழையில் முன் கண்ணாடி மங்குகிறது. ஏசி போட்டால் சில நேரம் தெளிகிறது, சில நேரம் கூடுகிறது. ஏன் சார்?

பதில்: வைப்பரை ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். மங்கல் போனால் அது வெளிப்பக்கம். ஏசி கண்ணாடியைக் குளிர வைத்துவிட்டது. ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்குமே, அதேதான். காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, குளிரைக் குறையுங்கள்.

போகாவிட்டால் உள்பக்கம்: மூச்சு, நனைந்த சட்டை, குடை, மேட். ஏசியைப் போட்டு, முன் கண்ணாடிக்குக் காற்று விடும் டிஃபாக் பட்டனை அழுத்தி, வெளிக்காற்றைத் திறந்து, குமிழைக் கொஞ்சம் சூட்டுப்பக்கம் திருப்புங்கள். ஏசி ஈரத்தைப் பிழியும், சூடு கண்ணாடியை உலர்த்தும். கையால் துடைக்காதீர்கள். விரல் பிசுக்கில் எதிர் லைட் கோடு கோடாகச் சிதறும்.

கேள்வி: வெளியே மழை ஈரம்தானே? உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்க்குலேஷனில்தான் எனக்குச் சீக்கிரம் தெளிகிறது.

பதில்: ஏசி ஓடும்வரை நீங்கள் சொல்வதும் பலிக்கும். ஏசியை இயக்கும் கம்ப்ரஸர் நின்றால், காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலில் நிற்கும் தண்ணீர் ஆவியாகி அதே காற்றில் திரும்பும்.

கேள்வி: நிறுத்தினால்தானே? நான் நிறுத்துவதே இல்லை.

பதில்: நீங்கள் நிறுத்த வேண்டாம் சார். சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் கார் என்றால் கம்ப்ரஸரும் பெரும்பாலும் கூடவே நிற்கும். நாலு பேர் உட்கார்ந்து, ஒருதரம் அப்படி நின்று பாருங்கள், பிறகு பேசலாம்.

கேள்வி: மழையே இல்லை, இடப்பக்க முன் மேட் நனைந்திருக்கிறது.

பதில்: ஏசி வடிகுழாய் அடைப்பாக இருக்கலாம். ஏசி ஓடும்போது காருக்கடியில் சொட்டுகிறதா பாருங்கள். சொட்டாவிட்டால் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நீங்களே கம்பி விட்டுக் குத்தாதீர்கள், காயிலில் ஓட்டை விழலாம். ஈரம் பிசுபிசுத்து இனிப்பு வாடை அடித்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். அது ஓடும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

கேள்வி: ஊட்டியில் காரிலேயே தூங்கினோம். காலையில் கூரையே சொட்டியது.

பதில்: இருவர் எட்டு மணி நேரம் விடும் ஈரம் அரை லிட்டர் வரை வரும். எதிரெதிர் ஜன்னல்களை விரலளவு இறக்குங்கள். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது.

கேள்வி: ஹெட்லைட்டுக்குள் ஆவி?

பதில்: லைட் போட்டு ஓட்டினால் கலைந்தால் விடுங்கள். தண்ணீர் தேங்கினால் சீல் போயிற்று.

கேள்வி: சிலிக்கா ஜெல் பை வைக்கலாமா அண்ணா?

பதில்: மூடி நிறுத்திய காருக்குச் சரி. நாலு பேர் மூச்சுக்கு ஈடு கொடுக்காது.

கேள்வி: துடைக்க எந்தத் துணி நல்லது?

பதில்: சுத்தமான மைக்ரோஃபைபர். ஓட்டும்போது அல்ல, நிறுத்திவிட்டு.

கேள்வி: ஹீட்டர் போட்டுக்கொண்டு ஊட்டியில் தூங்கலாம்தானே?

பதில்: முன்னே சொன்னதைப் பாருங்கள் தம்பி. ஹீட்டருக்கும் எஞ்சின் ஓட வேண்டுமே, கூடாது.