3000 வார்த்தையும் ஒரு ‘சிக்’கும்

தங்கச்சி, கருங்கல்லில் நர்சிங் முடித்துவிட்டு, இங்கிலாந்து வேலைக்காக 3000 கடினமான இங்கிலீஷ் வார்த்தைகளை அர்த்தத்தோடு மனப்பாடம் செய்கிறேன், போதுமா என்று கேட்டிருக்கிறாய். வாடகை, குளிர் எல்லாம் நீ இங்கே வந்தபிறகு பழகிவிடும், விடு. வார்த்தையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தக்கலையிலிருந்து நானும் அப்படி ஒரு கட்டு நோட்டோடு வந்தவள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஆஸ்பத்திரியில் முதல் வாரம். ஒரு தாத்தா “ஐ ஃபீல் சிக்” என்றார். சிக் என்றால் உடம்பு சரியில்லை என்றுதானே படித்தோம்? சரியாகிவிடும் என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன். அடுத்த நிமிடம் போர்வை முழுக்க வாந்தி. இங்கே அதற்குக் குமட்டுகிறது என்று அர்த்தம். உடம்பு சரியில்லை என்றால் ‘போர்லி’. ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்று வயதானவர்கள் சொன்னால் பாத்ரூம் போக வேண்டும்; அந்தக் காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவு ஒரு பென்னி காசு போட்டால்தான் திறக்கும். ‘நௌட்’ என்றால் ஒன்றுமில்லை. நாம் எதற்கெடுத்தாலும் சொல்லும் “ஐ ஹேவ் எ டவுட்” வேண்டவே வேண்டாம். நீ சொல்வதை நான் நம்பவில்லை என்றுதான் இங்கே காதில் விழும். வார்டு சிஸ்டரின் முகம் சுருங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

‘லொக்குவேஷியஸ்’ என்றால் அதிகம் பேசுகிறவர். அர்த்தம் சரிதான். ஆனால் வார்டில் ‘சாட்டி’ என்றுதான் சொல்வார்கள். நம்மூரிலும் அப்படித்தானே: திங்கள்சந்தையில் போய் மரவள்ளிக்கிழங்கு என்று கேட்டுப் பார், மரச்சீனியா என்று திருப்பிக் கேட்பார்கள். வெளிநாடு போக எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் பரீட்சையின் பேச்சுத் தேர்வில் வார்த்தைக்குக் கால் பங்கு மார்க் உண்டு, ஆனால் இடம் பார்த்துப் பொருத்தமாகப் போட்டால்தான் அது கிடைக்கும். காசை வாங்கிக்கொண்டு பட்டியலைக் கையில் கொடுத்த கோச்சிங் சென்டரில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அதனால் வார்த்தையைத் தனியாக எழுதாதே. யார், யாரிடம், எப்போது சொன்னார்கள் என்று முழு வாக்கியமாக எழுது. அப்புறம், பிரேக்கில் நம் ஆட்களோடு மட்டும் உட்காராதே. பத்து வருஷம் இருந்தும் ஒரு போன் பேச அடுத்தவரைத் தேடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் வேண்டுமென்றே வேறு மேசைக்குப் போனேன், பேசக் கற்றுக்கொண்டேன்.

கடைசிக் கட்டிலில் ஒரு பாட்டி இருந்தார். யூனிஃபார்முக்கு மேல் நான் ஸ்வெட்டர் போட்டிருப்பதைப் பார்த்து ‘நெஷ்’ என்பார். குளிர் தாங்காத ஆள் என்று அர்த்தமாம். என் நோட்டை வாங்கி, நடுங்கும் கையால் அவரே அதை எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.