கிராஸ் ஸ்டிட்ச் போடும்போது மனசு லேசாகிறது, ஆனால் எதையும் முடிப்பதே இல்லை. என்ன செய்யலாம்?

மூன்று துணிகள் பாதியில் கிடக்கின்றன, அவற்றைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பொறுமை போதாது என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். பொறுமை இல்லாதவர் மூன்று துணிகளில் பாதிவரை போயிருக்க மாட்டார்.

கிராஸ் ஸ்டிட்சில், அதாவது X வடிவத் தையல்களால் துணியில் படம் நிரப்பும் இந்த வேலையில், மனசு லேசாவதற்கு எனக்குத் தெரிந்த காரணம், அடுத்து என்ன செய்வது என்று நாம் யோசிக்கவே வேண்டாம் என்பதுதான். எந்தக் கட்டம், எந்த நிறம் என்று பேட்டர்ன், அதாவது கட்டம் போட்ட படத்தாள், சொல்லிவிடும். கை அதன்பாட்டுக்குப் போகும். இந்த ஓட்டம் எங்கே அறுபடுகிறதோ அங்கேதான் துணி அலமாரிக்குள் போகிறது. அதனால் முடிக்க வேண்டும் என்று வைராக்கியம் கொள்வதைவிட, ஓட்டம் அறுபடாமல் பார்த்துக்கொள்வதே நல்லது.

பாதிப் பிரச்சினை பேட்டர்னைத் தேர்ந்தெடுக்கும்போதே வந்துவிடுகிறது. ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கட்டம் கட்டமாக நெய்த துணிதான் ஐடா. 14 கவுண்ட் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 தையல். 70க்கு 70 கட்டம் உள்ள படம் 5 அங்குலச் சதுரம். முழுக்க நிரப்பினால் 4,900 தையல். மணிக்கு 100 தையல் போடுபவருக்கு அது 49 மணி நேர வேலை. தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதத்துக்குச் சற்றுமேல். அதே வேகத்தில் 200க்கு 280 கட்டப் படம் என்றால் 56,000 தையல், மூன்று வருடம்! மூன்று வருடம் ஒரே படத்தோடு இருக்கப் பிடித்தவர்கள் உண்டு, தாராளமாகப் போடட்டும். ஆனால் தெரிந்தே இறங்க வேண்டும்.

அளவைவிட முக்கியம் நிறங்கள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பது. புகைப்படத்தை அப்படியே பேட்டர்னாக மாற்றியவற்றில் இங்கே ஒரு கட்டம் பழுப்பு, பக்கத்தில் ஒரு கட்டம் சாம்பல் என்று பொட்டுப் பொட்டாக வரும். நூல் கோர்ப்பதிலேயே மாலை கழிந்துவிடும். ஓய்வுக்காகப் போடுபவர்களுக்கு அவற்றை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஒரே நிறம் பத்து இருபது கட்டம் சேர்ந்தாற்போல் வரும் படமாக எடுங்கள்.

சாம்ப்ளர், அதாவது பல சின்ன வேலைப்பாடுகளை ஒரே துணியில் போட்டுப் பார்க்கும் வகையும் உங்களுக்குப் பொருந்தும். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்பவர் தைத்த, 1598 என்று ஆண்டு பொறித்த ஒரு சாம்ப்ளர் இருக்கிறது. எழுத்துகள், பூ வேலைப்பாடு, நாய், மான் என்று எல்லாம் தனித்தனிச் சின்ன உருவங்கள். இந்த மாதிரி ஒன்றில் ஒவ்வோர் உருவம் முடியும்போதும் முடித்த திருப்தி கிடைக்கும். இது லேசான விஷயமில்லை.

எண்ணிக்கை தவறுவதுதான் அடுத்த எதிரி. தண்ணீரில் போகும் பேனாவால் துணியில் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேட்டர்னிலும் பத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும், இரண்டும் ஒத்துப்போகும். கோடு முழுக்க அழிந்த பிறகுதான் இஸ்திரி. சில மைகள் சூடு பட்டால் நிலைத்துவிடும்.

நூலைத் தொடங்க முடிச்சுப் போடாதீர்கள். நூலில் இருக்கும் ஆறு இழையில் ஒன்றை மட்டும் உருவி, இரண்டாக மடித்து, வெட்டிய நுனிகள் இரண்டையும் ஊசிக் காதில் கோருங்கள். முதல் அரைத் தையல் போட்டு ஊசி பின்பக்கம் வந்ததும், அங்கே தொங்கும் வளையத்துக்குள் நுழைத்து மெல்ல இழுத்தால் நூல் தானே பூட்டிக்கொள்ளும். பின்பக்கம் மழமழவென்று இருக்கும். அந்த இழுப்பில் ஒரு சுகம் இருக்கிறது, செய்து பாருங்கள். அப்புறம், ஒவ்வொரு X-இலும் மேலே வரும் காலெல்லாம் ஒரே பக்கம் சாயட்டும். வெளிச்சம் பட்டால் பரப்பு முழுக்க ஒரே பளபளப்பாகத் தெரியும்.

முடிக்கும் ஆசையை எனக்குத் தூண்டுவது பேக் ஸ்டிட்ச், அதாவது உருவத்தின் ஓரத்தில் கோடுபோல ஓட்டும் தையல். ஒரு குருவி கடைசிவரை வெறும் நிறக் கட்டங்களாகத்தான் தெரியும். ஓரத்தில் ஒற்றை இழையில் கருங்கோடு ஓடி, கண்ணில் வெள்ளையாக ஒரு பிரெஞ்சு நாட் (பொட்டுப் போன்ற முடிச்சுத் தையல்) விழுந்ததும் சட்டென்று நம்மைப் பார்க்கும். படம் முழுவதும் முடியட்டும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு பகுதி நிரம்பியதும் அங்கே போட்டுவிடுங்கள்.

சரி, அந்த மூன்று துணிகள். மூன்றையும் வெளியே எடுத்து, வேலை மிகக் குறைவாக மிச்சமிருக்கும் ஒன்றை மட்டும் பக்கத்தில் வையுங்கள். பின்னணி முழுக்க வானம் நிரப்பச் சொல்கிறதா? நிரப்பாமல் விடுங்கள், வெறும் ஐடாவே அழகுதான். பூங்கொத்தில் இரண்டு பூ முடிந்திருந்தால் அந்த இரண்டையும் சுற்றி பேக் ஸ்டிட்ச் ஓட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, ஒரு துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி போட்டு ஃப்ரேமில் மாட்டிவிடுங்கள்.