மெஷின் வந்தால் கார்மென்ட் வேலை போய்விடுமா?

மெஷினும் உலக வர்த்தகமும் நம்மைப் போன்ற நாடுகளின் வேலையைப் பறிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பிலிருந்து பார்த்தால், இதுவரை மெஷினைவிட வர்த்தக விதிகளே நம்மை அதிகம் ஆட்டிவைத்திருக்கின்றன.

1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் லைனுக்கு வந்தார்கள். மேற்கு நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு உடைதான் வாங்கலாம் என்று கோட்டா வைத்திருந்ததால் ஓடர்கள் இங்கேயும் வந்தன. 2004 முடிவில் கோட்டா போனது. சீனாவோடும் பங்களாதேஷோடும் நேரடிப் போட்டி. சிறிய தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. பெரியவை உள்ளாடை, விளையாட்டு உடை என்று நுணுக்கமான பக்கம் போய்த் தப்பின. அப்புறம் ஐரோப்பிய ஒன்றியம், நம் பொருட்களுக்கு இறக்குமதி வரியைக் குறைத்த ஜிஎஸ்பி பிளஸ் சலுகையை 2010இல் நிறுத்தி, 2017இல் திருப்பித் தந்தது. இதற்கும் தைப்பவரின் திறமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பாருங்கள்.

சரி, மெஷின்? துணி வெட்டுவதைக் கணினி எடுத்துக்கொண்டது. தைப்பது அவ்வளவு லேசில்லை; துணி வளையும், நழுவும், ரோபோவின் கைக்கு எளிதில் அடங்காது. அதே தொழில்நுட்பம்தான் கொழும்பில் இருந்துகொண்டே லண்டன் கம்பனிகளுக்குக் கணக்குப் பார்க்கும் வேலையையும் கொண்டுவந்தது. ஆனால் தையல் லைன் வேலையை விட்டு நின்ற அக்காவுக்கு அந்த நாற்காலி கிடைப்பதில்லை. அதற்கு ஆங்கிலமும் கணக்கியல் படிப்பும் கேட்பார்கள்.